கொழகொழத்த பீஸ் லில்லிக்குச் சில கைவைத்தியங்கள்

ஈக்காட்டுத்தாங்கல் பக்கம் எந்த அடுக்குமாடி வீட்டுக்குள் நுழைந்தாலும் டிவிக்குப் பக்கத்திலோ செருப்பு அலமாரிக்கு மேலேயோ ஒரு பீஸ் லில்லி இருக்கும். கிரகப்பிரவேசத்துக்கு யாரோ கொடுத்தது, நவராத்திரித் தாம்பூலத்தோடு வந்தது, ஐ.டி. கம்பெனியில் வேலை பார்க்கும் பிள்ளை ஆபீஸ் விழாவிலிருந்து தூக்கி வந்தது என்று ஏதோ ஒரு கதை அதற்கு உண்டு. வந்த புதிதில் கரும்பச்சை இலையும் வெள்ளைப் பூவுமாக நிற்கும். ஐப்பசி மழை பிடித்த சில வாரங்களில் அடி இலை பழுக்கும்; காம்பு மெத்தென்று ஆகும்; தொட்டால் விரலில் பிசுபிசுக்கும். "தண்ணி பத்தலையோ என்னவோ" என்று வீட்டில் யாராவது இன்னொரு சொம்பு ஊற்றுவார்கள். அதோடு செடியின் கதை முடியும்.

சென்னையில் பீஸ் லில்லி தாகத்தால் சாவது அபூர்வம். பாசத்தால் சாவதுதான் அதிகம். இலை குழைகிறது என்றால் பத்தில் எட்டுத் தடவை கோளாறு வேரில் இருக்கிறது என்பது என் கணிப்பு. அதனால் இந்தக் குறிப்புகளில் இலையைப் பற்றிக் கொஞ்சமும் மண்ணைப் பற்றி நிறையவும் இருக்கும்.

1. தொங்குகிற இலை எல்லாம் அழுகிய இலை இல்லை. பீஸ் லில்லிக்குத் தாகம் எடுத்தாலும் மொத்தச் செடியும் சாய்ந்துவிடும். வேர் அழுகினாலும் அதே மாதிரிதான் சாயும். தூரத்திலிருந்து பார்த்தால் இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது. விரலை மண்ணில் இரண்டாவது கணு வரை விடுங்கள். மண் காய்ந்து, தொட்டி லேசாகி, ஓரத்தில் மண் விலகி இடைவெளி விட்டிருந்தால் தாகம். நன்றாகத் தண்ணீர் விட்டால் சில மணி நேரத்தில் நிமிர்ந்துவிடும். மண் ஈரமாக இருந்தும் இலை தொங்கினால் வேர் தண்ணீர் இழுக்கவில்லை என்று பொருள். அந்தத் தொட்டியில் இன்னும் ஒரு சொட்டு விடக்கூடாது.

2. குழைவு எங்கே தொடங்குகிறது என்று பாருங்கள். மண்ணை ஒட்டிய இடத்தில் காம்பின் அடி பழுப்பாகி மெத்தென்று இருந்தால் வேர் அல்லது அடித்தண்டு அழுகல். இலையின் நடுவில் எண்ணெய் பட்டது போல ஈரத் திட்டு தெரிந்து அது பரவினால், இலைமேல் தேங்கிய தண்ணீர் வழியாகக் கிருமி நுழைந்திருக்கிறது. நுனி மட்டும் பழுப்பாகக் காய்ந்து மொறுமொறுத்தால் அது உப்பின் வேலை. அழுகலுக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. எல்லாவற்றுக்கும் வெளியே இருக்கும் ஒற்றை இலை மட்டும் மஞ்சளாகித் துவண்டால் வயசாகிவிட்டது, அவ்வளவுதான். அடியோடு நறுக்கிவிட்டு வேறு வேலையைப் பாருங்கள். ஒரே வாரத்தில் மூன்று நான்கு இலை போனால்தான் தொட்டியைக் கவிழ்க்க வேண்டும்.

3. மூக்கையும் பயன்படுத்துங்கள். வேரழுகலில் சேற்று வாடை, தேங்கிய சாக்கடை வாடை வரும். கிட்டப் போனாலே குமட்டுகிற நாற்றம் அடித்து, நேற்று நன்றாக இருந்த காம்பு இன்று கூழாகிவிட்டால் அது பாக்டீரியா மென்னழுகல். பெக்டோபாக்டீரியம் என்ற இந்தக் கிருமிதான் மூட்டையில் உருளைக்கிழங்கையும் கேரட்டையும் முட்டைகோஸையும் கூழாக்குவது. செடியின் செல்களை ஒன்றோடொன்று ஒட்டிவைத்திருக்கும் பெக்டின் என்ற பசையை இது கரைத்துவிடும். பசை போனதும் இலைக்கு உருவம் நிற்காது. அதனால்தான் அந்தக் கொழகொழப்பு. நம் ஊரின் புழுக்கமும் வெப்பமும் இதற்கு ரொம்பப் பிடிக்கும். இது பிடித்த செடிக்கு நம்பி ஊற்றும்படியான மருந்து கிடையாது. ஒரு இலையோடு நின்றால் வெட்டி எடுக்கலாம். நடுக்குருத்துக்குப் போய்விட்டால் மண்ணோடு சேர்த்துக் கவரில் கட்டிக் குப்பையில் போடுங்கள். வீட்டு மக்குத் தொட்டியில் சேர்க்க வேண்டாம்.

4. சந்தேகம் வந்தால் வேரைப் பார்த்துவிடுவதுதான் உத்தமம். பழைய பேப்பரை விரித்து, மண்ணின் மேல் ஒரு கையை அகல வைத்து, காம்புகளை விரல் இடுக்கில் விட்டு, தொட்டியைத் தலைகீழாகச் சாய்த்துப் பக்கத்தில் இரண்டு தட்டு தட்டுங்கள். மண்ணுருண்டை அப்படியே கைக்கு வரும். நல்ல வேர் வெள்ளையாக அல்லது வெளிர் கிரீம் நிறத்தில், நகத்தால் அழுத்தினால் கெட்டியாக இருக்கும். கெட்ட வேர் காப்பி நிறம். ஒன்றை இரண்டு விரலால் பிடித்து மெல்ல இழுங்கள். மேல்தோல் ஊறவைத்த பாதாம் தோல் மாதிரி வழுக்கிக்கொண்டு வந்துவிடும். உள்ளே நூல் ஒன்று மட்டும் நிற்கும். இந்த ஒரு சோதனை போதும். உருண்டையின் அடிப்பகுதியைப் பிழிந்தால் தண்ணீர் சொட்டுகிறதா என்றும் பாருங்கள். மேல் மண் உலர்ந்து, அடியில் சேறாக இருக்கிற தொட்டிகள்தான் நம்மை அதிகம் ஏமாற்றும்.

5. வேர் ஏன் அழுகுகிறது என்று தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. வேருக்கும் மூச்சு வேண்டும். மண் துகள்களுக்கு இடையே உள்ள துளைகளில் காற்று இருக்க வேண்டிய இடத்தில் நாள் கணக்கில் தண்ணீர் நின்றால் வேர் மூச்சு முட்டிச் சாகும். செத்த வேரில் பித்தியம், ஃபைட்டாப்தோரா போன்ற கிருமிகள் குடியேறும். இவற்றின் வித்துகள் தண்ணீரில் நீந்தக் கூடியவை. 1980களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் ஃப்ளோரிடா நர்சரிகளில் பீஸ் லில்லிகளைக் கூட்டம் கூட்டமாகக் காலிசெய்த சிலிண்ட்ரோகிளேடியம் என்ற பூஞ்சையும் தண்ணீர் வழியாகவே பரவியது. ஆகவே நான்கு தொட்டிகளை ஒரே பெரிய தட்டில் வைத்து, எல்லாவற்றின் வடிநீரும் ஒன்றாகச் சேர விடுவது நல்லதில்லை. ஒன்றுக்கு வந்தது நான்குக்கும் வரும்.

6. இப்போது விஷயத்துக்கு வருகிறேன்: தேங்காய் நார்க்கழிவு. கோகோ பீட் என்று கட்டி கட்டியாக விற்கிறார்களே, அதுதான். நர்சரிக்காரர்கள் பீஸ் லில்லியைப் பெரும்பாலும் கோகோ பீட்டே அதிகமாக உள்ள கலவையில்தான் வளர்க்கிறார்கள். லேசாக இருக்கும், வண்டியில் ஏற்ற வசதி, திறந்த வெளியில் நிழல்வலைக்குக் கீழே காற்றோட்டத்தில் வேகமாக உலரும். அங்கே அது சரி. அதே செடி நம் வீட்டு ஹாலுக்கு வந்ததும் கதை மாறுகிறது. ஜன்னலுக்கு நேரே பக்கத்து வீட்டுச் சுவர், வெயில் இல்லை, காற்று இல்லை. தன் எடையைப் போலப் பல மடங்கு தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும் கோகோ பீட், ஒரு தடவை ஊற்றிய தண்ணீரை ஒரு வாரமானாலும் விடாது. நர்சரிக்காரரிடம் "அண்ணே, எத்தனை நாளைக்கு ஒருக்கா ஊத்தணும்?" என்று கேட்டால், "ரெண்டு நாளைக்கு ஒரு வாட்டி ஊத்துங்கக்கா" என்பார். அவர் பொய் சொல்லவில்லை. அவர் இடத்துக்கு அது கணக்கு. நம் வீட்டுக்கு அந்தக் கணக்கு ஒத்துவராது.

7. ஓட்டையில்லாத பீங்கான் தொட்டியைக் கண்டால் எனக்குக் கோபமே வரும். பரிசாக வருகிற செடிகளில் முக்கால்வாசி இதில்தான் வருகின்றன. தூக்கி எறிய மனசில்லை என்றால் அதை வெளிச்சட்டையாக வைத்துக்கொள்ளுங்கள்: செடியை ஓட்டையுள்ள சாதாரண பிளாஸ்டிக் தொட்டியில் வைத்து, அதைப் பீங்கானுக்குள் இறக்குங்கள். தண்ணீர் விடும்போது உள்தொட்டியை மட்டும் வெளியே எடுத்து, சிங்க்கில் வைத்து ஊற்றி, முழுக்க வடிந்த பிறகு திரும்ப வையுங்கள். "அடியில் கூழாங்கல் போட்டிருக்கேனே" என்பார்கள். ஓட்டை இல்லாமல் கல் போட்டுப் பயனில்லை. தண்ணீர் கல்லுக்கு இறங்கினாலும் வெளியே போக வழி இல்லை. மண்ணின் அடிப்பகுதி ஊறியபடியேதான் கிடக்கும். கல் பிடித்த இடமும் வேருக்கு நஷ்டம்.

8. "வளர்ற செடிதானே" என்று ஆறு அங்குலச் செடியைப் பன்னிரண்டு அங்குலத் தொட்டிக்கு மாற்றாதீர்கள். வேர் போகாத மண்ணில் இருக்கிற ஈரத்தைக் குடிக்க ஆள் இல்லை. ஒவ்வொரு முறையும் ஓரிரு அங்குலம் பெரிய தொட்டி போதும்.

9. மண் தொட்டியா, பிளாஸ்டிக்கா? தண்ணீர் ஊற்றாமல் கை நிற்காது என்பவர்களுக்கு மண் தொட்டி. சுவர் வழியே ஈரம் ஆவியாகும். மறதிக்காரர்களுக்குப் பிளாஸ்டிக். பெயின்ட் அடித்த மண் தொட்டி இரண்டிலும் சேராது.

10. சென்னைப் புழுக்கத்துக்கு என் கலவை: கழுவிய கோகோ பீட் ஒரு பங்கு, செம்மண் ஒரு பங்கு, நன்றாக மக்கிய மண்புழு உரம் ஒரு பங்கு, காற்றுக்கு இடம் விடும் சரக்கு ஒன்றரைப் பங்கு. காற்றுக்கான சரக்கு என்றால் பெர்லைட், கருக்கிய உமி, சின்னதாக உடைத்த செங்கல் ஜல்லி, அடுப்புக்கரித் துண்டு, எது கிடைக்கிறதோ அது. ஏதாவது கட்டட வேலை நடக்கிற தெருவில் கேட்டால் உடைந்த செங்கல் சும்மாவே கிடைக்கும். சிமென்ட் ஒட்டாத துண்டாகப் பொறுக்குங்கள். கடற்கரை மணல் வேண்டவே வேண்டாம், உப்பு. கோகோ பீட் கட்டியை ஊறவைத்த முதல் தண்ணீரையும் கொட்டிவிட்டு, இன்னும் இரண்டு முறை அலசுங்கள். தரம் குறைந்த கட்டிகளில் உப்பு நிறைய இருக்கும். கலவையைக் கைப்பிடியில் பிடித்து அழுத்தி விரித்தால் உருண்டை லேசாக உதிர வேண்டும். கொழுக்கட்டை பிடிக்க வந்தால் செங்கல்லைக் கூட்டுங்கள்.

11. தண்ணீருக்குக் கிழமை கணக்கு வைக்காதீர்கள். வெள்ளிக்கிழமை விளக்கேற்றுவது சரி, வெள்ளிக்கிழமை தண்ணீர் ஊற்றுவது சரியில்லை. எரிந்து முடிந்த ஊதுவத்தியின் மூங்கில் குச்சியைத் தொட்டியின் ஓரமாக அடிவரை செருகிப் பத்து நிமிஷம் விட்டு எடுங்கள். குச்சி நிறம் மாறி மண் ஒட்டிக்கொண்டு வந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது. மேல் பாதி உலர்ந்து, அடியில் மட்டும் லேசான ஈரம் தெரிகிற நாளில் ஊற்றுங்கள். ஊற்றுகிறபோது அடியில் வழிந்து ஓடும்படி தாராளமாக ஊற்ற வேண்டும். தினம் ஒரு டம்ளர் தெளிக்கிற பழக்கத்தில் மேல்மண் நசநசக்கும், உப்பும் தங்கும். குச்சி தேடப் பொறுமை இல்லாதவர்கள் தொட்டியைத் தூக்கிப் பார்த்துப் பழகலாம். சில வாரத்தில் கையே எடை சொல்லிவிடும்.

12. பருவத்துக்குத் தகுந்தபடி கை மாற வேண்டும். சித்திரை வைகாசியில் ஃபேன் முழு வேகத்தில் சுற்றும், தொட்டி சீக்கிரம் காயும். மூன்று நான்கு நாளில் கேட்கும். நம் ஊர் மழை ஆண்டுக்குச் சுமார் 1400 மில்லிமீட்டர். அதில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பருக்குள் கொட்டித் தீர்க்கிறது. அந்த மாதங்களில் காற்றில் ஈரம் 80 சதவீதத்தை ஒட்டியே இருக்கும், துணியே காயாது. கொடியில் போட்ட டவல் இரண்டு நாளாகக் காயவில்லை என்றால் தொட்டியும் காய்ந்திருக்காது. பத்துப் பன்னிரண்டு நாளுக்கு ஒரு முறை ஊற்றினாலும் போதுமானதாக இருக்கும். ஜன்னல் திண்டில் சாரல் படுகிற இடத்தில் இருக்கும் தொட்டியை ஐப்பசி பிறக்குமுன்பே உள்ளே நகர்த்திவிடுங்கள்.

13. எந்தத் தண்ணீர்? மெட்ரோ வாட்டர் என்றால் வாளியில் பிடித்து ஒரு ராத்திரி திறந்து வைத்துவிட்டு ஊற்றுங்கள், குளோரின் குறையும். நம் பகுதி போர் தண்ணீர் பல தெருக்களில் கடினமானது. பாத்திரத்தில் வெள்ளை படிகிற தண்ணீர் என்றால் தொட்டி மண்ணிலும் அது படியும். இலை நுனி கருகும், வேர் நுனியும் கருகும், கருகிய வேர் நுனி வழியாக அழுகல் உள்ளே வரும். ஆர்.ஓ. மெஷின் கழித்து விடுகிற தண்ணீரைச் சிலர் வீணாக்கக் கூடாதே என்று செடிக்கு ஊற்றுகிறார்கள். நல்ல எண்ணம்தான், ஆனால் அதில் உப்பு இன்னும் அதிகம். பாத்ரூம் கழுவ வைத்துக்கொள்ளுங்கள். ஏ.சி.யிலிருந்து சொட்டும் தண்ணீரில் உப்பு கிடையாது. அதைப் பிடித்து ஊற்றலாம். மழைநீர் கிடைத்தால் கேட்கவே வேண்டாம். போர் தண்ணீர் தவிர வழியில்லை என்பவர்கள் மாதம் ஒரு முறை மழைநீரோ ஏ.சி. தண்ணீரோ தொட்டியின் கொள்ளளவைப் போல இரண்டு மூன்று மடங்கு ஊற்றி, உப்பை வடித்து விடுங்கள்.

14. "நிழல் செடி" என்று சொல்லி விற்பதால் பாதி வீடுகளில் இதை இருட்டு மூலையில் வைக்கிறார்கள். கொலம்பியா, வெனிசுவேலா காடுகளில் உயர்ந்த மரங்களின் கீழே, ஓடைக்கரையில் வளர்கிற செடி இது. மர நிழலுக்கும் படிக்கட்டுக்குக் கீழே உள்ள இருட்டுக்கும் வித்தியாசம் இருக்கிறது. வெளிச்சம் குறைந்தால் செடி தண்ணீர் குடிப்பது குறையும், மண் உலராது, வேர் அழுகும். பகலில் விளக்குப் போடாமல் பேப்பர் படிக்க முடிகிற இடம் சரியான இடம். நேர் வெயில் மட்டும் வேண்டாம், குறிப்பாக மேற்குப் பார்த்த பால்கனி. இலை வெளுத்துத் தீய்ந்துபோகும்.

15. வெளிநாட்டுப் புத்தகங்களில் இலை கருத்துக் குழைவதற்குக் குளிரை முதல் காரணமாகச் சொல்லியிருப்பார்கள். மார்கழி விடியலில்கூட 18, 20 டிகிரிக்குக் கீழே அபூர்வமாகவே இறங்கும் ஊரில் அதைப் படித்துப் பயப்பட வேண்டாம். ஏ.சி. அறையிலும் அந்தக் குளிர் வராது. ஆனால் டொரன்டோவிலோ லண்டனிலோ இருக்கும் மகளோ மருமகளோ, "அம்மா, ஜன்னல் பக்கம் இருந்த இலை மட்டும் ஒரே ராத்திரியில கறுத்துக் கொழகொழன்னு ஆயிடுச்சு" என்று போனில் சொன்னால், பனிக் கண்ணாடியில் இலை ஒட்டியிருக்கிறது என்று அர்த்தம். ஜன்னலை விட்டுத் தள்ளி வைக்கச் சொல்லுங்கள். ஊட்டி, கொடைக்கானல்காரர்களுக்கும் இது பொருந்தும்.

16. அரிசி கழுவிய தண்ணீர், டீத்தூள், வாழைப்பழத் தோல் ஊறல், வெங்காயத் தோல் ஊறல், முட்டை ஓடு, புளித்த மோர்: மாடித் தோட்டத்தில் வெயில் படுகிற தொட்டிக்கு இவற்றில் சிலது உதவலாம். ஹாலில் இருக்கும் பீஸ் லில்லிக்கு ஒன்றும் வேண்டாம். உலராத மண்ணில் மாவுச்சத்தும் சர்க்கரையும் சேர்ந்தால் புளித்து நாறும், பூஞ்சை வெள்ளையாகப் படரும், கொசுறாகச் சின்ன ஈக்கள் வரும். இந்தச் செடிக்குச் சாப்பாடு ரொம்பக் கம்மி. இரண்டு மூன்று மாதத்துக்கு ஒரு முறை ஒரு கைப்பிடி மண்புழு உரம் போதும். அழுகல் தெரிகிற செடிக்கு எந்த உரமும் கூடாது.

17. இலைமேல் ஸ்ப்ரே அடிப்பது டெல்லிக்காரர்களுக்குத் தேவைப்படலாம். சென்னையில் காற்றே ஸ்ப்ரே அடிக்கிறது. அடித்த தண்ணீர் காம்பும் காம்பும் சேரும் இடுக்கில் இறங்கித் தங்கும். மூன்றாவது குறிப்பில் சொன்ன மென்னழுகல் அங்கேதான் பிறக்கும். 100 அடி ரோட்டுத் தூசி இலையில் அப்பிக்கொள்வது உண்மைதான். பிழிந்த பருத்தித் துணியால் துடைத்துவிட்டால் போதும். ஒரு கையை இலைக்கு அடியில் கொடுத்துத் துடையுங்கள்.

18. காலையில் இலை நுனியில் முத்து மாதிரி ஒரு சொட்டு நிற்கிறதா? ராத்திரி வேர் இழுத்த தண்ணீர் கூடிப்போய் நுனி வழியாக வெளியேறுகிறது. நோய் இல்லை. தினமும் நின்றால் அடுத்த தண்ணீரைத் தள்ளிப்போடுங்கள். தொட்டியைத் தட்டியதும் கறுப்பாகச் சின்ன ஈக்கள் எழும்பினாலும் அதே அறிவுரைதான்: மேல்மண் காயவே இல்லை.

19. அறுவை சிகிச்சை. வேர் பாதிக்கு மேல் நன்றாக இருந்தால் செடியைக் காப்பாற்றலாம். பழைய மண்ணை முழுக்க உதறி, குழாயடியில் மெல்லக் கழுவுங்கள். கத்தரிக்கோலைச் சானிடைசரால் துடைத்து, வழுக்குகிற வேர் எல்லாவற்றையும் கெட்டியான வெள்ளை வரும்வரை நறுக்குங்கள். ஒவ்வொரு செடிக்கும் நடுவில் மறுபடி துடையுங்கள். மஞ்சள் தூள் தடவுவதைவிட இது முக்கியம். மஞ்சள் தடவினால் பாதகமில்லை, மனசுக்குத் திருப்தி. அடியில் உள்ள கட்டைத் தண்டை அழுத்திப் பாருங்கள். கெட்டியாக இருந்தால் நம்பிக்கை உண்டு. மெத்தென்ற இடத்தைச் செதுக்கி எடுங்கள். வேரைக் குறைத்ததால் இலையையும் குறைக்க வேண்டும்: குழைந்தவை அத்தனையும், நல்லதில் பழையது சிலவும். பூ இருந்தால் அதையும் வெட்டுங்கள், மனசைக் கல்லாக்கிக்கொண்டு. நிழலில் ஒரு மணி நேரம் காயவிட்டு, பழைய தொட்டியைவிடச் சின்ன தொட்டியில் புதுக் கலவையில் நடுங்கள். குருத்து மண்ணுக்கு மேலே தெரிய வேண்டும். ஆழமாகப் புதைத்தால் மறுபடி அழுகும். ஒரே ஒரு முறை தண்ணீர் விட்டு, மேல் பாதி காயும்வரை தொடாதீர்கள். புதுக் குருத்து வர ஒரு மாதம்கூட ஆகலாம். அதுவரை இழுத்து இழுத்துப் பார்க்க வேண்டாம்.

20. மருந்து. டிரைக்கோடெர்மா விரிடி, சூடோமோனாஸ் ஃப்ளூரசன்ஸ் இரண்டும் தமிழ்நாட்டில் உரக்கடை வரை கிடைக்கின்றன. முதலாவது நன்மை செய்யும் பூஞ்சை, இரண்டாவது நன்மை செய்யும் பாக்டீரியா. இரண்டும் வருமுன் காப்பவை. முற்றிய அழுகலை மீட்காது. புது மண் கலக்கும்போதே டிரைக்கோடெர்மாவை மண்புழு உரத்தில் கலந்து சேர்ப்பது நல்ல வழக்கம். பாக்கெட்டில் தேதி பாருங்கள், உயிருள்ள சரக்கு. காப்பர் மருந்து தெளிப்பவர்கள் அதே நாளில் இவற்றைப் போடாதீர்கள். காப்பர் நல்லதையும் கொன்றுவிடும். படுக்கையறையில் வைக்கிற செடிக்கு ரசாயன மருந்து தெளிக்க எனக்கு இஷ்டமில்லை. கேட்டுத் தெளிய வேண்டும் என்றால் கிண்டித் தொழிற்பேட்டைப் பக்கம் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் தகவல் மற்றும் பயிற்சி மையம் இருக்கிறது. மாடித் தோட்டம் போன்றவற்றுக்கு ஒருநாள் பயிற்சிகளும் நடத்துகிறார்கள். நமக்குக் கூப்பிடு தூரம்.

21. தட்டில் தேங்கிய தண்ணீரை அரை மணி நேரத்தில் கொட்டிவிடுங்கள். வேருக்காக மட்டும் சொல்லவில்லை. டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு இந்தத் தட்டில்தான் முட்டையிடும்; முட்டை கொசுவாகிப் பறக்க ஏழு முதல் பத்து நாள் போதும். மழைக்காலத்தில் மாநகராட்சி ஆட்கள் வீடு வீடாக வந்து முதலில் குனிந்து பார்ப்பது பூந்தொட்டித் தட்டைத்தான்.

22. பொங்கலுக்கு ஊருக்குப் போகிறீர்களா? கிளம்பும் நாள் காலையில் நன்றாகத் தண்ணீர் விட்டு வடித்து, ஜன்னலிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி வைத்துவிட்டுப் போங்கள். ஒரு வாரம் தாராளமாகத் தாங்கும். எதிர்வீட்டு மாமியிடம் சாவி கொடுத்து, "மாமி, செடிய மட்டும் பாத்துக்கோங்கோ" என்று சொல்லிவிட்டால் அவர் பொறுப்பாகத் தினமும் ஊற்றுவார். சாவியைக் கொடுங்கள், செடியைப் பற்றிப் பேசாதீர்கள்.

23. கண்ணாடி பாட்டிலில் தண்ணீரிலேயே வளர்க்கிறார்களே, அது மட்டும் எப்படி அழுகவில்லை? தண்ணீரில் புதிதாக விடும் வேர் அதற்கேற்றபடி வளர்கிறது. திறந்த தண்ணீரில் கரைந்த காற்றும் கிடைக்கிறது. மண்ணில் வளர்ந்த வேரைக் கழுவி நேரே போட்டால் பழைய வேரில் கொஞ்சம் அழுகத்தான் செய்யும், நறுக்கிக்கொண்டே வர வேண்டும். வாரம் ஒரு முறை தண்ணீர் மாற்றுங்கள். வேர் மட்டும் மூழ்கட்டும். காம்பு சேரும் குருத்து தண்ணீருக்கு மேலே நிற்க வேண்டும். அது மூழ்கினால் மொத்தமும் கூழ்.

24. வெள்ளத்தில் மூழ்கிய தொட்டி. 2015 டிசம்பர் 1 இரவு அடையாறு கரை தாண்டியபோது ஈக்காட்டுத்தாங்கல், ஜாபர்கான்பேட்டையில் தரைத்தள வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்ததை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் நகரத்தை மறுபடி தண்ணீரில் நிறுத்தியது. அப்படி வரும் தண்ணீரில் சாக்கடையும் டீசலும் கலந்திருக்கும். மூழ்கிய தொட்டியின் மண்ணைக் காயவைத்துத் திரும்பப் பயன்படுத்த நினைக்காதீர்கள். கையுறை போட்டுக்கொண்டு செடியை உருவி, கழுவி, பத்தொன்பதாவது குறிப்பின்படி செய்து பார்க்கலாம். குருத்து வரை மூழ்கி இரண்டு நாள் கிடந்தது என்றால் விட்டுவிடுங்கள். தரைத்தளத்தில் இருப்பவர்கள் கார்த்திகை முடியும்வரை தொட்டிகளை ஸ்டூல்மேல் ஏற்றி வைப்பது சிரமமில்லாத வேலை.

25. குழைந்த இலையைக் கிள்ளிவிட்டுக் கையைக் கழுவாமல் கண்ணைக் கசக்காதீர்கள். பெயரில் லில்லி இருந்தாலும் இது சேப்பங்கிழங்கு, சேனைக்கிழங்கின் ஒன்றுவிட்ட உறவு. அந்தக் குடும்பத்துக்கே உரிய கால்சியம் ஆக்சலேட் ஊசிகள் இதன் இலையிலும் உண்டு. சேனை நறுக்கினால் கை அரிக்குமே, அந்தச் சமாசாரம்தான். தவழும் குழந்தையோ பூனையோ கடித்துவிட்டால் வாய் எரியும், எச்சில் ஒழுகும், வீங்கும். கைக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள்.

26. "இந்தச் செடி வீட்டுக் காற்றைச் சுத்தம் பண்ணும், ஆறு வாங்கிக்கோங்க" என்று யாராவது சொன்னால் ஒன்று வாங்குங்கள். 1989இல் நாசா வெளியிட்ட ஆய்வில் பீஸ் லில்லி இருந்தது உண்மை; அந்தச் சோதனை மூடிய சின்னக் கூண்டுகளில் நடந்தது. 2019இல் பழைய ஆய்வுகளைத் திரட்டிக் கணக்குப் போட்டவர்கள், ஜன்னலைத் திறந்து வைத்தால் கிடைக்கும் பலனுக்குச் சமமாக ஒரு சதுர மீட்டருக்குப் பத்துச் செடியாவது வேண்டும், ஆயிரம்கூட ஆகலாம் என்றார்கள். நெருக்கி வைத்த ஆறு தொட்டிகளுக்கு நடுவில் காற்று ஓடாமல் அழுகல் வருவதுதான் மிச்சம். ஒவ்வொன்றுக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி விடுங்கள்.

27. வாங்கும்போதே பாருங்கள். நிறையப் பூ இருக்கும் செடியை விட்டுவிட்டு, மொட்டும் புதுக் குருத்தும் உள்ளதை எடுங்கள். இலைக்கூட்டத்தை ஒதுக்கி அடிக்காம்பைத் தொடுங்கள்; ஈரமாக வழவழத்தால் வேண்டாம். தொட்டியைத் தூக்கி அடி ஓட்டையை முகருங்கள். கடைக்காரர் ஒரு மாதிரி பார்ப்பார், பார்க்கட்டும். ஓட்டையில் வெள்ளை வேர் எட்டிப் பார்த்தால் நல்ல செடி. வீட்டுக்கு வந்ததும் மறுநாளே மண் மாற்ற அவசரப்படாமல் இரண்டு வாரம் புது இடம் பழகவிடுங்கள். அதுவரை கோகோ பீட் காய்கிறதா என்று ஊதுவத்திக் குச்சியால் பார்த்துக்கொண்டால் போதும். மாசி, பங்குனியில் மாற்றி நட்டு, அப்போதே பக்கத்துக் கன்று ஒன்றை வேரோடு பிரித்துத் தனித் தொட்டியில் வைத்துவிடுங்கள். ஐப்பசியில் தாய்ச்செடி போனாலும் வீட்டில் ஒன்று இருக்கும். போகாவிட்டால் எதிர்வீட்டு மாமிக்குக் கொடுக்கலாம், ஓட்டையுள்ள தொட்டியாகப் பார்த்து.